மூன்றாம் ஓலை

அக்காலத்தில் என் நிலை இன்னதென்று முதலில் கூறிவிடுவது முறை. சர்க்கார் கச்சேரியில் ஒரு பிரிவுக்கு நான் தலைமைக் குமாஸ்தா. சென்னையில் படித்துத் தேறிய பி.ஏ. பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தேவாலயத்துக்கு ஆறாவது முறையாகச் சபைச் செயலாளராகத் தெரிந்தெடுக்கப்பட்டிருந்தேன்; எதிர்த்து நின்றவர் எவருமில்லை. சபையார் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் மூன்று நாளுக்குள் என் பதில் போய்ச் சேர்ந்துவிடும்.

இவற்றைப் பெருமைக்காகக் கூறவில்லை. இங்கே நான் விவரிக்கப்போகும் பிழையைச் செய்தவன் அறியாதவனோ அசிரத்தைக்காரனோ அல்லன் என்பதற்காகக் கூறுகிறேன். சிரத்தையினால்தான் அந்தப் பிழையே நேர்ந்தது.

ஆராதனைக்குப் பின்

கிறிஸ்துமஸ் கழிந்து வந்த குளிர் நாட்கள். ஆராதனை முடிந்து சபையார் வெளியே வெயிலில் நின்றிருந்தனர். நான் பக்கத்து அறையில் பதிவேட்டைத் திறந்து வைத்து, மை உலரக் காத்திருந்தேன். அணைந்த மெழுகுவர்த்தியின் வாசனையும் பழைய பாட்டுப் புத்தகங்களின் வாசனையும் அந்த அறைக்கு நிரந்தரம்.

அன்றுதான் என் தங்கை எஸ்தருக்கு முதலாம் ஓலை வாசிக்கப்பட்டிருந்தது.

எங்கள் வழக்கம் அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். விவாகம் நிச்சயமானால், மூன்று ஞாயிறு தொடர்ந்து மணமக்களின் பெயர்களைப் போதகர் சபையில் அறிவிப்பார். இவர்கள் இணைவதற்குத் தடை ஏதும் அறிந்தவர் இருந்தால் தெரிவிக்கலாம் என்பார். இதற்கு ஓலை வாசித்தல் என்று பெயர். காகிதம் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. பெயர் மட்டும் ஓலையாகவே நின்றுவிட்டது.

எஸ்தர் கன்டோன்மென்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் தகப்பனார் காலமான பின் என் பொறுப்பில் இருந்தவள். மாப்பிள்ளை டேனியல் கோலார் தங்கவயலில் பள்ளி ஆசிரியர். நல்லவர். இவ்வத்தியாயத்தில் அவருக்கு வேலையில்லை.

அப்போது பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடும் சாமுவேல் உள்ளே வந்தார். அவரும் ஒரு பள்ளியில் பாட்டு வாத்தியார். முப்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, கணீரென்ற குரல். பெயர்கள் அனைத்தையும் மாற்றியே எழுதுகிறேன்.

மடித்த காகிதம் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"சார், இதைப் படிச்சுப் பாருங்க."

"விண்ணப்பமா?"

"அப்படித்தான் வெச்சுக்கங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

காகிதத்தில் ஒரே வரி. 'தங்கள் சகோதரிக்கு மூன்றாம் ஓலை வாசிக்கப்படும் நாளில் எனக்கும் ஓலை என்பதைத் தாங்கள் அறியவேண்டும்.'

என் பதில்

நமக்கெல்லாம் ஓலைக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஆயுள் முடிந்து மேலிருந்து அழைப்பு வருவதையும் ஓலை வருவதாகச் சொல்கிறோம். அது எனக்குத் தெரியாததன்று. ஆனால் ஓலைப் பதிவேட்டின் முன்னால் பேனாவுடன் உட்கார்ந்திருப்பவனுக்கு ஓலை என்றால் ஓலைதான்.

சாமுவேலுக்கும் எங்கேயோ பெண் நிச்சயமாகியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். கடிதத்தின் தோரணை சற்று விசித்திரமாகத்தான் இருந்தது. பாடகர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைத்தேன்.

அங்கேயே பதில் எழுதினேன். அதன் நகல் இன்றும் என்னிடம் இருக்கிறது, மறைக்காமல் தருகிறேன்.

'1. தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்கும் விவாகம் கூடிவந்திருப்பதறிந்து மகிழ்ச்சி.

2. ஓலைக்கு மணமகளின் பெயர், தகப்பனார் பெயர், ஞானஸ்நானம் பெற்ற சபை ஆகிய விவரங்கள் தேவை.

3. தாங்கள் குறித்த ஞாயிறன்றே முதலாம் ஓலை வாசிக்கப்பட வேண்டுமாயின், அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைக்குள் விவரங்கள் வந்து சேரவேண்டும்.'

கையெழுத்திட்டு, மணியடிப்பவரிடம் கொடுத்தனுப்பினேன். மனநிறைவுடன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

வாசலில் நின்ற பெண்மணி

செவ்வாய்க்கிழமை மாலை கச்சேரியிலிருந்து திரும்பி ஜட்காவை விட்டு இறங்கியபோது, எங்கள் வாசற்கதவருகே வயதான பெண்மணி ஒருவர் நின்றிருந்தார். சாமுவேலின் தாயார் ஞானம்மாள். கையில் என் கடிதம்.

"ஐயா, இது நீங்க எழுதினதா?"

"ஆமாம். விவரம் கொண்டுவந்தீங்களா?"

"என்னா விவரம்? எம்புள்ள சாகப்போறேன்கறான். நீங்க பொண்ணு பேரு கேட்டு எழுதியிருக்கீங்களே!"

ஜட்காக்காரர் குதிரையைத் திருப்பாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஞானம்மாளை உள்ளே அழைத்தேன். என் மனைவி நாற்காலி போட்டாள், அவர் உட்காரவில்லை.

"ரெண்டு நாளா சோறு எறங்கல. இந்தக் கடுதாசியக் கையில வெச்சுக்கிட்டுச் சிரிக்கிறான் ஐயா. அழுதாக்கூடத் தேவல."

"அவருக்கு என்ன குறை?"

"உங்க தங்கச்சிதான். ஓலைய நிறுத்திடுங்க. எஸ்தர் ஒரு தடவ வந்து பக்கத்துல நின்னாப் போதும், எழுந்துடுவான். எப்பவும் அப்படித்தான்."

எப்பவும் என்ற அந்தச் சொல்லில் நான் நின்றுவிட்டேன். என் வீட்டில் எனக்குத் தெரியாத 'எப்பவும்' ஒன்று இருந்திருக்கிறது.

எஸ்தர் கூறியது

எஸ்தர் டியூட்டி முடிந்து வந்தாள். கைகளிலிருந்து கார்பாலிக் சோப்பு வாசனை போகுமுன்னரே நான் விசாரணையைத் தொடங்கிவிட்டேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க ஃபைல் போடுவீங்கண்ணா."

என் மனைவி சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாள் என்றே நினைக்கிறேன்.

நடந்தது இது. மூன்றாண்டுகளுக்கு முன் சாமுவேல் எஸ்தரிடம் விருப்பம் தெரிவித்திருக்கிறார்; அவளும் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த ஆண்டு அவள் மருத்துவச்சிப் பயிற்சிக்குச் சென்னைக்குப் போக இடம் கிடைத்தது. போனால் உயிரோடிருக்கமாட்டேன் என்றாராம். அவள் போகவில்லை. பயிற்சி வேண்டாமென்று அவள் சொன்னதற்கு உடல்நலமே காரணம் என்று அன்றுவரை நான் நம்பியிருந்தேன். அடுத்த ஆண்டு வேறொரு காரணத்துக்கு அதே பேச்சு. அதன்பின் அவள் இந்த உறவே வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் நான் போய் நின்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து உக்காந்தார். அடுத்த தடவை மட்டும் இன்னும் சீக்கிரமா வந்துச்சு."

"அப்படின்னா இது மிரட்டல்தான். பதில் சொல்லவேண்டிய அவசியமில்ல" என்றேன்.

சிவப்புச் சீட்டு

அவ்வாறு நான் சொன்னதற்குக் கச்சேரி அனுபவமே காரணம்.

எங்கள் பிரிவில் ஒருவர் இருந்தார். தாம் அனுப்பும் காகிதம் ஒவ்வொன்றிலும் அவசரம் என்ற சிவப்புச் சீட்டை ஒட்டிவிடுவார். மேசை மராமத்துக்கும் சிவப்பு, வெள்ளச் சேதத்துக்கும் சிவப்பு. நாளடைவில் சிவப்பைக் கண்டாலே அடியில் தள்ளும் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. அதைக் கூர்மை என்று நினைத்துக்கொண்டோம்.

அதற்கும் முந்திய நினைவு ஒன்று உண்டு. கல்லூரி விடுதியில் என் அடுத்த அறை மாணவன், தேர்வு நெருங்கும்போதெல்லாம் செத்துப்போகிறேன் என்பான். நாங்கள் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தோம். அதை இங்கே எழுதக் கை வரவில்லை. ஒரு கோடை விடுமுறைக்குப் போனவன் திரும்பவில்லை. என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் விசாரிக்கவில்லை.

யார் போவது

எஸ்தர் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"மிரட்டல் இல்லன்னு நான் சொல்லலண்ணா. நெஜம் இல்லன்னும் சொல்லமாட்டேன். வார்டுல வலிக்குதுன்னு கத்தறவங்களை நடிக்கிறியான்னு நாங்க கேக்கறதில்ல. கைய வெச்சுப் பாப்போம். நடிக்கறவனுக்கும் காய்ச்சல் வரும்."

"அப்ப நீ போறியா?"

"நான் போகக் கூடாது. போனா நான்தான் மருந்துன்னு ஆயிடும். அப்புறம் ஆயுசு பூரா டோஸ் குடுத்துக்கிட்டே இருக்கணும். ஓலையும் நிக்கக் கூடாது. ஆனா அவர் தனியா இருக்கவும் கூடாது. யாராவது போகணும்."

"யாரு?"

"கடுதாசி உங்களுக்குத்தானே வந்துச்சு."

என் மனைவி சமையலறை வாசலிலிருந்தே சொன்னாள்: "அந்தப் பதிலுக்குத் திருத்தம்னு போட்டு இன்னொண்ணு எழுதிடாதீங்க. நேர்ல போங்க."

தலைமைக் குமாஸ்தா ஒருவர் பாட்டு வாத்தியாரின் வீடு தேடிப் போவதென்றால் காக்ஸ் டவுனில் மறுநாளே பேச்சாகும். ஓலை வாசித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் அண்ணன் என்றால் கேட்கவே வேண்டாம். அதைத்தான் அப்போது நான் எண்ணினேன். ஒரு மனிதர் இறந்துபோகக்கூடும் என்பதை அதற்குப் பின்னர்தான் எண்ணினேன். வரிசை அதுவே என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றே கட்டம்

புதன்கிழமை முதலில் போதகரிடம் போனேன். எங்களில் போதகரை ஐயர் என்றே அழைப்போம். அவர் தோட்டத்தில் காலிஃபிளவர் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, ஓலையை ஒரு மாதம் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். எஸ்தருக்குத் தெரியாமல் கேட்டேன்.

"தள்ளலாம். ஏட்டுல காரணம்னு என்ன எழுதட்டும்?"

ஐயர் அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்.

"முன் விவாகம், ரத்த உறவு, வயசு. தடைக்கு மூணே கட்டம்தான் அச்சடிச்சிருக்காங்க. இன்னொருத்தரோட துக்கம்னு கட்டம் இல்லையே செயலாளரே. அப்படி ஒண்ணு சேத்தா, அப்புறம் எந்தப் பொண்ணுக்கும் நான் ஓலை வாசிக்க முடியாது."

"அவர் ஏதாவது பண்ணிக்கிட்டா?"

ஐயர் பூவாளியைக் கீழே வைத்தார். "அது வேற வேலை. அந்தத் துக்கத்த நீங்க பாருங்க. ஓலைய நான் பாத்துக்கறேன்."

கேட்கக் கூடாத கேள்வி

தேவாலயத்தின் பின்புறச் சந்தில் சாமுவேலின் வீடு. அவரைக்காய்க் காலம். பெங்களூர்க் குளிரில் வரும் அந்தக் காய்க்கு ஒரு பிசுக்கு வாசனை உண்டு. கன்னடத்தில் சொகடு என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்வோம். சந்து முழுவதும் அந்தச் சொகடு. ஞானம்மாள் ஊறவைத்த அவரைக்கொட்டைகளை ஒரு குண்டானில் வைத்துக்கொண்டு, தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

சாமுவேல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"நக்கலடிக்க வந்தீங்களா சார்? பொண்ணோட ஞானஸ்நானச் சீட்டு வேணுமா?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன். உங்க வார்த்தைய நான் தப்பாப் படிச்சுட்டேன்."

அவர் திரும்பவில்லை. நான் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். வழியெல்லாம் பல முறையாகச் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் எவையும் வாய்க்கு வரவில்லை. ஆகையால் நேராகவே கேட்டேன்.

"சாமுவேல், நீங்க சாகணும்னு நினைக்கிறீங்களா?"

"ஐயா! அந்த வார்த்தைய இந்த வீட்டுல எடுக்காதீங்க" என்று ஞானம்மாள் பதறினார்.

சாமுவேல் எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்து, தாடி வளர்ந்திருந்தது.

"இத்தனை நாள்ல இத யாருமே கேட்டதில்ல சார். அவ வர்றாளா வரலையான்னுதான் பேசுவாங்க."

"பதில் சொல்லுங்க."

"தெரியல." பின்பு சொன்னார்: "மொதல்ல அவள வரவைக்கத்தான் சொன்னேன். பொய்தான். சொல்லிச் சொல்லி இப்ப அது உள்ள வந்து உக்காந்துக்கிச்சு. நான் கூப்பிடாமலேயே பேசுது."

மெய்யா பொய்யா என்று முந்திய மாலையிலிருந்து நான் என்னுள் வழக்காடிக்கொண்டிருந்தேன். அவர் அந்த வழக்கையே தள்ளுபடி செய்துவிட்டார். பொய்யாகத் தொடங்கியது பொய்யாகவே இருக்கவேண்டும் என்று சட்டமில்லை. எதுவாயினும் நான் செய்யவேண்டியது ஒன்றுதான்.

"எஸ்தர் வரமாட்டா. ஓலை நிக்காது. அதுல மாத்தம் இல்ல, இத மறைச்சு உங்ககிட்ட பேச எனக்கு இஷ்டமில்ல. நாளைக்கு அஞ்சரைக்கு நான் வர்றேன்."

"எதுக்கு?"

"வர்றேன்."

முறைப் பட்டியல்

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றே, அதைச் செய்தேன். ஒரு தாளில் கிழமைகளைக் கோடிட்டு, சாமுவேலின் அருகில் எந்த நேரம் யார் இருப்பது என்று எழுதினேன். தாயார், நான், ஐயர், குழுவில் அவருக்கு நெருங்கிய நண்பர் ஒருவர். சேலத்தில் ரயில்வேயில் இருந்த சாமுவேலின் அண்ணன் பீட்டருக்குத் தந்தி கொடுத்தேன். மூன்றாம் ஓலை ஞாயிறன்று காலை வருவதாகப் பதில் வந்தது. எஸ்தரின் மருத்துவமனையிலிருந்து வயதான டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை என்று கண்டு மருந்து கொடுத்தார். அந்த மருந்தையும், கேடு விளைவிக்கக்கூடிய எதையும், அவர் கைக்கு எட்டாமல் வைக்கும்படி எஸ்தர் சொல்லியனுப்பியிருந்தாள். அந்தப் பக்கமே அவள் வரவில்லை. ஆனால் தினமும் என்னிடம் விசாரித்தாள்.

மாலைகளில் நானும் சாமுவேலும் ஊறிய அவரைக்கொட்டைகளைத் தோலிலிருந்து பிதுக்கினோம். ஞானம்மாள்தான் குண்டானை எங்கள் நடுவில் கொண்டுவந்து வைத்தார். என் வாழ்நாளில் அதுவரை சமையல் காரியத்தில் கை வைத்தவனல்லன்.

"சார், இப்படி அழுத்தினா பருப்பு கூரைக்குப் போயிடும். ஃபைல் தள்ற மாதிரி மெதுவாத் தள்ளுங்க."

"ஃபைலை மெதுவாத் தள்றதா உங்களுக்கு யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது சார்."

சில நாட்கள் இப்படி. சில நாட்கள் வசவு. இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு மாலை, நான் உள்ளே நுழைந்ததுமே கத்தினார்.

"அவளப் போய்ச் சொல்லுங்க, இன்னும் ஏழு நாள்தான்னு!"

"சொல்லமாட்டேன். ஏழு நாளும் நான் வருவேன்."

சந்து முனையில் சபைக்குழு அங்கத்தினர் பாக்கியநாதன் ஒருநாள் என்னை மறித்தார். செயலாளர் பதவியில் அவருக்கு நெடுநாள் கண் உண்டு.

"என்ன சார், தினம் இந்தப் பக்கம்? மாப்பிள்ளைய மாத்திட்டீங்களா?"

"அவரைக்காய் வாங்க வந்தேன்" என்றேன். நான் பொய் சொன்ன சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. இது ஒன்று. சாமுவேலின் நிலையை அவரிடம் சொல்லியிருந்தால் அன்றே ஊர் முழுதும் பரவியிருக்கும். அக்காலத்தில் தற்கொலை முயற்சி குற்றம், போலீஸ் காரியமும் ஆகும்.

சனிக்கிழமை எஸ்தர் ஒன்று சொன்னாள். "கத்தற வரைக்கும் பரவால்லண்ணா. திடீர்னு சாந்தமாயிட்டார்னா மட்டும் எழுந்து வந்துடாதீங்க."

மூன்றாம் ஞாயிறு

அன்று காலை முறை பீட்டருடையது. நான் கோட்டு அணிந்து தேவாலயத்துக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். ரயில் தாமதம், பீட்டர் வரவில்லை. ஞானம்மாள் மட்டும் இருந்தார், முகத்தில் மகிழ்ச்சி.

"குளிச்சுட்டான் ஐயா. சவரம் பண்ணிக்கிட்டான். எல்லாம் சரியாயிடுச்சு."

சாமுவேல் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். தம் பாட்டு நோட்டுகளை அடுக்கி நூலால் கட்டி வைத்திருந்தார். குரல் மிகவும் இதமாக இருந்தது.

"வாங்க சார். கோயிலுக்குத்தானே? இந்த நோட்டுங்கள குழுவுக்குக் குடுத்துடுங்க."

"அடுத்த ஞாயிறு உங்களுக்கு வேணாமா?"

அவர் புன்னகை செய்தார்.

நான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதல் மணி அடித்தது.

"நேரமாச்சு சார்."

"தெரியும்."

"உங்க தங்கச்சி ஓலை. செயலாளர் இல்லாம எப்படி?"

"வாசிக்கறது ஐயர். நான் ஏட்டுல எழுதறவன். அதத் திங்கட்கிழமையும் எழுதலாம்."

இரண்டாம் மணி அடித்தது. அவருடைய புன்னகை போய்விட்டது.

"நான் நடிக்கிறேன்னுதானே நினைக்கிறீங்க?"

"அதப் பத்தி நினைக்கறத விட்டுட்டேன்."

"எழுந்து போங்க சார்!"

"மாட்டேன்."

அவர் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். நான் நாற்காலியை விட்டு இறங்கி எதிரில் தரையில் உட்கார்ந்தேன். சந்துக்கு அப்பால் ஆராதனை தொடங்கியது. பாட்டு மட்டும் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. சிறிது நேரம் காது கொடுத்துக் கேட்டவர் முகத்தைச் சுளித்தார்.

"முன்வரிசை ஸ்ருதி எறங்குது."

"நீங்க இல்லையே."

பாட்டு நின்றது. நீண்ட அமைதி. அந்த அமைதிக்குள்தான் என் தங்கையின் பெயர் மூன்றாம் முறை வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. இருவருக்கும் அது தெரியும். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது. நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

மறுபடி பாட்டுத் தொடங்கியது.

"வாசிச்சுட்டாங்க" என்றார்.

"வாசிச்சாச்சு."

"நான் இருக்கேன்." அதை எனக்குச் சொன்னாரா, தமக்கே சொல்லிக்கொண்டாரா, அறியேன். பின்பு குலுங்கி அழுதார். ஆராதனை முடிந்து சந்தில் காலடிச் சத்தங்கள் கேட்கும்வரை அழுதார். அழுகை ஓய்ந்ததும், "அம்மா, சாப்பிட ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

பிற்பகலில் பீட்டர் வந்து சேர்ந்தார். சாமுவேல் தம் பெட்டியைத் தாமே திறந்து, அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். நாங்கள் தேடியும் அது எங்கள் கண்ணில் படாதிருந்தது. உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. பீட்டர் அதைக் கொண்டுபோய் ஒழித்துவிட்டு வந்தார். நெடுநேரம் கை கழுவினார்.

பிற்பாடு

சாமுவேல் அண்ணனுடன் சேலத்துக்குப் போனார். தேற ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. பின்னர் அங்கேயே பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார், இன்றும் இருக்கிறார். எஸ்தருக்கு அவர் பிறகு எழுதியதில்லை. எஸ்தர் மணமான மறு ஆண்டு சென்னைக்குப் போய், விட்டுப்போன பயிற்சியை முடித்தாள். தங்கவயலில் அவள் கையில் பிறந்த பிள்ளைகள் ஒரு பள்ளிக்கூடத்தை நிரப்புவார்கள்.

இருபதாண்டுகளுக்கு மேலாக நான் இதை எவரிடமும் கூறியதில்லை. கூறினால் சாமுவேலின் பெயர் அடிபடும். சென்ற மாதம் அவர் அனுமதி தந்து எழுதினார்: 'பேரை மாற்றிவிடுங்கள் சார். முன்வரிசை ஸ்ருதி இறங்கியதை மட்டும் மாற்றாதீர்கள்.'

அவர் நடித்தார் என்று, விஷயத்தை அரைகுறையாக அறிந்த சிலர் இன்னமும் சொல்வதாகக் கேள்வி. அவ்வாறு சொல்வோர் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தவர்களல்லர். பாவம், அந்தப் பெண் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கலாமே என்று வேறு சிலர் சொல்கிறார்கள். அவள் பலமுறை போய்ப் பார்த்தவள்.

அண்மையில் வெளியான எங்கள் சபை மலரில், பாக்கியநாதன் கட்டுரை ஒன்று எழுதியிருக்கிறார். தம் தங்கையின் விவாகத்தில் இஷ்டமில்லாத செயலாளர், மூன்றாம் ஓலை வாசிக்கையில் சபையைவிட்டு வெளிநடப்புச் செய்ததாக அதில் காண்கிறது. அது தவறு. அவ்விவாகத்துக்கு என் முழுச் சம்மதமும் இருந்தது. நான் வெளிநடப்புச் செய்யவில்லை. அன்று நான் தேவாலயத்துக்குப் போகவே இல்லை.